கல் பார்க்கில் ஒரு பதினாறாம் நாள்

நனைந்த சோப்புக்கட்டி போல விரலில் வழுக்கும் கல் அது. பாசியின் பச்சை அல்ல, கல்லே பச்சை. அதில் பாம்புத் தோலைப் போலக் கருவரிகள் ஓடும். எங்கள் தீவில், சௌல்தாரி கிராமத்துக்கு அப்பால் ஓடையோரம் கிடந்த அந்த இடம் பூங்கா என்பதற்கு, துருப்பிடித்த ஒரு பலகையைத் தவிர வேறு அடையாளமே கிடையாது. ஊஞ்சல் இல்லை, பெஞ்சு இல்லை, பச்சையும் சிவப்புமாகக் கற்கள் மட்டும். எங்கள் வீட்டில் அதற்குக் "கல் பார்க்" என்று பெயர்.

எனக்கு ஒன்பது வயதானபோது, சிவகங்கைப் பக்கத்தில் அம்மாவின் அப்பா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. மரைன் ஹில்லில் எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் துறைமுகம் தெரியும். ஆனால் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக் கரைக்குப் போகும் "மெயின்லேண்ட்" கப்பல் அங்கே இல்லை. வரவேண்டிய கப்பலும் புயலால் தள்ளிப்போயிற்று. விமானமெல்லாம் அப்போது எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாதது. அம்மா அழவில்லை. சோறு வடித்து எங்களுக்குப் போட்டுவிட்டு, தான் இரண்டு வாய் தின்று எழுந்துவிடுவாள். "எங்கய்யாவுக்கு நான் ஒருத்திதான். நானும் போகல" என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பதினாறாம் நாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. கொஞ்சம் காற்றாட இருந்துவிட்டு வரட்டும் என்று அப்பா எங்களைப் பஸ்ஸில் அங்கே கூட்டிப்போனார். ஓடையைப் பார்த்ததும் அம்மா நின்றாள். குனிந்து ஒரு பச்சைக் கல்லை எடுத்து, கழுவி, கரையில் நட்டாள். இறந்தவருக்காகக் கல் நட்டு நீர் வார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம்; ஆனால் அதைச் செய்வது ஆண்கள்தான். எனக்காகக் கொண்டுவந்த தண்ணீர் பாட்டிலை அம்மா திறந்தபோது, பின்னால் விசில் கேட்டது.

பூங்காவின் காவலர், ராஞ்சிக்காரர், ஓடிவந்தார். "பத்தர் சோடோ!" என்று கல்லை விடச் சொல்லிக் கத்தினார். அப்பா பதறிப்போய், தன் அரைகுறை ஹிந்தியில் மாமனார் இறந்ததையும் கப்பல் கிடைக்காததையும் சொன்னார். காவலர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, "மேரா பி ஐசா ஹி ஹுவா" என்றார். அவருக்கும் அப்படித்தான் ஆயிற்றாம். போய்க் கை நிறையக் காட்டுப்பூ பறித்துவந்து, "லோ, பஹன்" என்று அம்மாவிடம் நீட்டினார்.

தங்கையே என்று ஒருவர் கூப்பிட்ட அந்தக் கணத்தில்தான் அம்மா உடைந்தாள். "நல்லபடியா போங்கய்யா" என்று அழுதபடியே நீர் வார்த்தாள். வீடு திரும்பியதும் இரண்டாம் முறை சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

அந்தக் காவலர் எங்கே போனாரோ தெரியவில்லை. சாலையை அகலமாக்கியபோது ஓடைக்கரையும் போய்விட்டது. கப்பல் சீட்டுக்கு வாரக்கணக்கில் காத்துக்கிடந்த காலமும் மறைந்தது; இப்போது விமானத்தில் இரண்டு மணி நேரத்தில் சென்னை போய்விடலாம். போன மாதம் அப்படி வந்த அம்மாவின் ஊர்க்காரர் ஒருவர், "பெத்த அப்பன் காரியத்துக்குக்கூட நீ வரலையே" என்று பழைய குறையைக் கிளறினார். அம்மா காபி டம்ளரை அவரிடம் நீட்டினாள்.

"நீங்க அங்க செஞ்சீங்க, அண்ணே. நான் இங்க செஞ்சேன்."