மன்னிப்புக் கேட்காத ஞானம் அண்ணை

ஞானம் அண்ணை போய்விட்டார். இன்று காலை, ஃப்ரிபூர்க் ஆஸ்பத்திரியில்... அவர் மகள் ஃபோன் பண்ணிச் சொன்னாள்.

நான் பஸ்ஸில் இருந்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போய்விட்டேன்.

இப்போது வீட்டில். நான்கு தடவை எழுதி அழித்தாயிற்று, ஒரு இடத்தில் இருக்கவும் முடியவில்லை.

இதை வாசிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் அவர் டாக்டர். சுவிஸில் அந்தப் படிப்புச் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் பீல் நகருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் என்னோடு பராமரிப்பு வேலை செய்தார். குளிக்க வார்ப்பது, சாப்பாடு தீத்துவது, படுக்கையில் புரட்டி விடுவது.

அவர் கத்தோலிக்கர், ஞாயிறு பூசையைத் தவறவிடாத மனிதர். நானோ நல்லூர்க் கந்தனைக் கும்பிடுகிறவள், வாயும் கொஞ்சம் நீளம். ஆனாலும் எங்களுக்குள் ஒத்துப்போனது.

நோயாளி கேட்டால் டாக்டரே உயிரை முடித்துவைக்கச் சட்டம் இடம்கொடுக்க வேண்டும் என்று அந்த வருடங்களில் இங்கே பெரிய விவாதம். டீவியில், பேப்பரில், எங்கள் கோப்பி இடைவேளையில்கூட...

நான் "விட்டால் என்ன" என்கிற கட்சி. காரணம் எங்கள் இல்லத்தில் இருந்த ஃப்ராவ் கெர்பர் என்கிற மூதாட்டி.

எண்பது வயது, முதுகெலும்பில் கான்சர். நான் காலையில் அறைக்குள் போனாலே கையைப் பிடித்துக்கொண்டு, "ஏதாவது தந்து முடித்துவிடு" என்பார்.

ஒருநாள் தாங்க முடியாமல் அண்ணையிடம் பாய்ந்தேன். "அண்ணை, அந்த மனுசி படுற பாட்டைப் பாத்துக்கொண்டும் கூடாது எண்டுறியள். உங்கட வேதத்தில இதுக்கு மருந்து இருக்கோ?"

"வேதத்தில இல்லைப் பிள்ளை, நோவுக்கு மருந்து அலுமாரியில கிடக்கு. ரெண்டு நாளா நேரத்துக்குக் குடுக்கேல்லை. குடுக்கிறதும் காணாது."

என்னையே கூட்டிக்கொண்டு போய், இல்லத்துக்கு வரும் டாக்டரிடம் அதைச் சொல்ல வைத்தார். மருந்தைக் கூட்டினார்கள், நேரத்துக்கும் கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஃப்ராவ் கெர்பர் ஐஸ்கிரீம் கேட்டார்.

ஆனால் சாகக் கேட்பதை அவர் அடியோடு நிறுத்தவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்... சில காலைகளில் அண்ணையைப் பார்த்தே திட்டுவார், அண்ணை தலையணையைச் சரி செய்வார்.

பிறகுதான் அந்தக் கடிதம். சட்டம் வரக்கூடாது என்று தேவாலயத்து ஆட்களும் சில டாக்டர்மாரும் சேர்ந்து அரசாங்கத்துக்கு எழுதினார்கள். அண்ணை அதில் தன் பெயரை எழுதி, பக்கத்தில் டாக்டர் என்றும், கீழே எங்கள் இல்லத்தின் பெயரையும் போட்டுவிட்டார்.

அப்போது எங்கள் அகதி வழக்குகள் முடியவில்லை, இருவர் கையிலும் தற்காலிக பெர்மிட்தான். நான் அண்ணையைப் பிடித்துக் கேட்டேன்.

"இவங்கட நாடு, இவங்கட சட்டம். உங்களுக்கேன் தேவையில்லாத வேலை? பெர்மிட்டில கை வைச்சாங்கள் எண்டா?"

"சட்டம் அவையின்ரதான். ஆனா அந்த மனுசி கேக்கிறது என்னட்டையெல்லோ."

இல்லத் தலைவி அவரைக் கூப்பிட்டார். அண்ணைக்கு ஜெர்மன் தட்டுத்தடுமாறித்தான் வரும், மொழிபெயர்க்க நான் போனேன்.

நீங்கள் இங்கே டாக்டர் இல்லை, கையெழுத்தைத் திரும்பப் பெறுங்கள் என்றார் தலைவி.

அண்ணை என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, சொல்லு. டாக்டர் எண்டதை வெட்டுறன், இல்லத்தின்ர பேரையும் வெட்டுறன். என்ர பேரை வெட்டமாட்டன். உயிர் கடவுள் தந்தது. வருத்தக்காரர் சாகக் கேட்டா நோவைத்தான் நிப்பாட்ட வேணும், ஆளை இல்லை. அந்தக் கதவைத் திறந்தா, நாங்கள் பிள்ளையளுக்குப் பாரமாக் கிடக்கிறம் எண்டு நினைக்கிற சனந்தான் முதல்ல போகும்."

தலைவியிடம் ஜெர்மனில் நான் சொன்னது: "தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். மன்னிப்புக் கேட்கிறார்."

ஓம். அப்படித்தான் சொன்னேன். இத்தனை வருடம் யாருக்கும் சொல்லாததை இங்கே எழுதுகிறேன், திட்டுகிறவர்கள் திட்டுங்கள்.

தலைவி நிம்மதியாகச் சிரித்தார். அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார்... பிறகு தனக்குத் தெரிந்த ஜெர்மனில் தானே சொன்னார்: "இல்லை. மன்னிப்பு இல்லை. பெயர் இருக்கும்."

அடுத்த வாரம் அவரை லாண்டரிக்கு மாற்றினார்கள். பெர்மிட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, நான் பயந்ததுதான் மிச்சம்.

நான் மாற்றிச் சொன்னதைப் பற்றி அண்ணை என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை பிடித்தாவது ஆறியிருப்பேன்.

இடைவேளைகளில் லாண்டரியிலிருந்து மேலே வந்து ஃப்ராவ் கெர்பர் பக்கத்தில் இருப்பார். வசந்தத்தில் அந்த அம்மா நோயாலேயே இறந்தபோதும் அண்ணைதான் பக்கத்தில் இருந்தார். நான் அந்த நேரம் அடுத்த அறையில் கட்டில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தேன்.

அண்ணை சொன்னது சரியா? சத்தியமாக எனக்கு இன்றுவரை தெரியாது. ஒருநாள் ஓம் என்கிறது மனம், அடுத்த நாள் வேறொரு கட்டில், வேறொரு முகம்... இல்லை என்கிறது.

போன திங்கட்கிழமை பின்னேரம் அவரைப் பார்க்கப் போனேன். அவருக்கும் கான்சர்தான், எலும்புவரை. மெலிந்து, கண் மட்டும்தான் அவருடையதாக இருந்தது.

என் வாய் சும்மா இருக்குமா. "அண்ணை, இப்பவும் அதே கதைதானோ?"

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "ஓம் பிள்ளை, அதே கதைதான். ஆனா பயமாக் கிடக்கு. நீ கொஞ்சம் இருந்திட்டுப் போவன்."

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ரயில் இருந்தது, காலையில் டியூட்டி இருந்தது.

"சனிக்கிழமை வாறன் அண்ணை, ஆறுதலா இருந்து கதைப்பம்" என்றேன். தலையாட்டினார்.

இன்று வியாழக்கிழமை.

என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. இதை நானே சொல்லுறன்.