நண்பர் வாங்கிய பொன்னாடை

வடலூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவர், மடியிலிருந்த பொன்னாடையை மடிப்பதும் பிரிப்பதுமாகவே வந்தார். சட்டை புதிது, காலில் சுரங்கத்து பூட்ஸ்.

“விழாவுங்களா?” என்றேன்.

“காலேஜ்லங்க. விமானப் பொறியியல் படிச்சுப் பெரிய ஆளானவங்களுக்கு வருஷா வருஷம் மரியாதை பண்றாங்க. என் செட்டுப் பசங்க வெளிநாட்டுல இருக்காங்க. அவங்களுக்குப் பதிலா நான்தான் மேடையேறி வாங்குவேன். இன்னிக்கு வாங்கினதுதான் இது.”

“நீங்களும் அதே படிப்பா?”

“ஆமாங்க. இப்ப மைன்ஸ்ல காண்ட்ராக்ட் கூலி. பெல்ட்டுலேர்ந்து கொட்டற கரியை அள்ளிக்கினு இருக்கேன்.”

“மேடையில உங்களப் பத்தியும் சொல்வாங்களா?”

“‘அவருடைய நண்பர் பெற்றுக்கொள்கிறார்’னு சொல்வாங்க.”

மைன்ஸ் ஸ்டாப்பில் அவர் இறங்கியபோது பொன்னாடை சீட்டிலேயே கிடந்தது. பெயர் தெரியாத அவசரத்தில், “நண்பரே!” என்று கூப்பிட்டுத் தொலைத்தேன்.

திரும்பிப் பார்த்தார். வாங்கிக்கொள்ள வரவில்லை.