ஒரு சொல்லுக்காக நானூறு அடி

ஹுமேராவுக்குக் 'க' சட்டென்று வராது. தொண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுக்கும். துடியலூரில் மோட்டார் பம்பு செய்யும் கம்பெனியில், பழுது என்று கூப்பிடுபவர்களுக்குத் தொலைபேசியில் வழி சொல்வது அவள் வேலை. மோட்டாரின் உறுமலைக் கேட்டே நோயைக் கண்டுபிடித்துவிடுவாள். சொல்வதுதான் சிக்கல். திக்கப்போகும் சொல்லை அரை நொடி முன்பே மோப்பம் பிடித்து, வேறு சொல்லுக்குத் தாவிவிடுவாள். 'குழாய்' 'பைப்பு' ஆகும். 'காலையில்' 'விடிஞ்சதும்' ஆகும். மூன்று வருடமாக அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஒருநாள் அவிநாசிப் பக்கத்து விவசாயி ஆறுச்சாமி கூப்பிட்டார்.

"ஏனுங்க அம்மணி, மோட்டாரு உர்ருங்குது, தண்ணி வரலீங்க."

சுவரில் மாட்டிய ஸ்டார்ட்டர் பெட்டிக்குள், மோட்டாரைச் சுழற்றிவிடும் டம்ளர் அளவு கண்டன்சர் போய்விட்டது. அவளுக்கு அந்த நொடியே தெரிந்தது. "க்..." என்று தொடங்கினாள். அடைத்தது. தாவ வேறு சொல்லும் இல்லை. பதற்றத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்: "மோட்டாரை மேல தூக்கிப் பாத்துருங்க."

ஆழ்துளைக் கிணற்றின் அடியில் கிடந்ததைத் தூக்கினார். கிரேன் வண்டி, நாலு ஆள், நானூறு அடிக் குழாய், ஒரு பகல் முழுக்க. மாடுகளுக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார்கள். மோட்டாரில் ஒரு குறையும் இல்லை.

மறுநாள் புகார் மேலாளர் ஜோஸிடம் வந்தது. அந்த அழைப்பின் பதிவைப் போட்டுக் கேட்டார். அந்த "க்..." அவர் காதிலும் விழுந்தது.

"திக்குமா உனக்கு? ஸ்டோர்ஸுக்குப் போயிரு ஹுமேரா. அங்க யாரும் பேசச் சொல்ல மாட்டாங்க."

கருணையோடுதான் சொன்னார். அவளுக்கும் ஒரு கணம் ஆசையாக இருந்தது. ஆனால் அங்கே மோட்டார்கள் அட்டைப் பெட்டிக்குள் சும்மா கிடக்கும். உறுமாது.

"அவருகிட்ட நானே பேசறேன் சார். அப்புறம் முடிவு பண்ணுங்க."

ஜோஸ் எதிரே நிற்க, ஆறுச்சாமியைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணா, மோட்டார் நல்லாயிருக்குதுங்க. போயிருக்கறது க்... க்..."

"அலோ? லைன் கட்டாயிருச்சுங்களா?"

"இல்லீங்க. எனக்குத் திக்குமுங்க. சொல்லி முடிக்கற வரைக்கும் இருங்க."

இதை அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறுமுனையில் ஒரு மாடு கத்தியது. இந்தமுறை அவள் தாவவில்லை. அடைத்த இடத்திலேயே நின்றாள். முட்டித் தள்ளாமல் மூச்சைத் தளர விட்டாள்.

"க்... க்... கண்டன்சர்."

"அதானா! பின்னெதுக்குங்க அன்னிக்கு மோட்டாரத் தூக்கச் சொன்னீங்க?"

"அந்த வார்த்தை வரலீங்க. பயந்து மாத்திச் சொல்லிப்போட்டேன். தப்பு என்னுதுங்க."



"ஏங் கண்ணு, நீ திக்குனா ரெண்டு நிமிசம் நிக்க மாட்டனா? கிரேன்காரங்கூட ஒரு நாள் பூரா நின்னனே!"

ஜோஸ் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். ஸ்டோர்ஸ் பேச்சை அதன்பின் எடுக்கவில்லை.

இப்போது ஒவ்வோர் அழைப்பையும் "எனக்குத் திக்குமுங்க" என்றே தொடங்குகிறாள். ஒளிக்காததால் திக்கல் முன்பைவிட அதிகமாகவே கேட்கிறது. ஒருவர் சலித்துப்போய் வைத்துவிட்டு, வேறு வழியில்லாமல் அவரே திரும்பக் கூப்பிட்டார். சொல்லவேண்டியதைச் சொல்லித்தான் முடிக்கிறாள். ஒரு வருடமாகிறது, அவள் பேச்சைக் கேட்டு ஒரு மோட்டாரும் வீணாக மேலே வரவில்லை.