கிணற்றடி வரை ஒரு வான் பயணம்

தீவுப்பகுதியில் வழிகாட்டி வேலை செய்கிறவர் கோட்டையையும் நெடுந்தீவுக் குதிரைகளையும் காட்டினால் நிம்மதியாக வீடு போகலாம். நான் காட்டுவது வேறு: எங்கள் தாய்தகப்பன் காலத்தில் யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம், எந்தக் கடைக்குள் உட்கார்ந்து குடிக்கலாம் என்று உரிமைக்காக மல்லுக்கட்டிய இடங்கள். கனடாவிலிருந்து திரும்பி வந்து தொடங்கிய தொழில். என்னைப்போல் ஒரு வான் வண்டியும் வாயுமாகப் பிழைக்கிறவர்களே, போன மாதத்துப் பயணத்தைக் கேளுங்கள்.

எந்தப் பக்கம்?

வான் பண்ணைப் பாலத்தில் ஏறியதும், லண்டனிலிருந்து வந்த ஓய்வுபெற்ற கணக்காளர் என் தோளைத் தட்டினார். “தம்பி, நீர் வேலணையில எந்தப் பக்கம்?” சந்திக்குக் கிட்ட என்றேன். “கோயிலுக்கு அங்காலயோ, இங்காலயோ? தகப்பன் ஆர்?” வந்தது சாதிக்கு எதிரான போராட்டத்தின் வரலாறு பார்க்க! பின் இருக்கையில் நோர்வேயிலிருந்து வந்த பாக்கியமக்கா, அறுபது தாண்டியவர், செருமினார்.

“அண்ணை, சாதியைத்தானே தடவுறியள்? நேர கேளுங்கோவன், பெடியன் சொல்லுவான்.”

தனிக் கப்

வழியில் ஒரு தேத்தண்ணிக் கடை. ஒரு காலம் சிலரை வெளியே நிற்கவைத்துப் போத்தலில் ஊற்றிக் கொடுத்த இடம். அப்படி நின்ற ஒருவரின் பேரன்தான் இப்போது முதலாளி. கதையை நான் உருக்கமாகச் சொல்லி முடித்த கையோடு, கணக்காளர் வயிற்றுக்குப் பயந்து, தனக்கு மட்டும் கடதாசிக் கப்பில் கேட்டார். முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு கண்ணாடிக் கிளாசை நீட்டினார்.

“ஐயா, தனியக் குடிக்கிறதை நிப்பாட்டத்தான் அப்பப்பா அடி வாங்கினவர்.”

பாப்பம்

பாக்கியமக்கா ஒரே ஒரு ஆசையோடு வந்தவர். அவருடைய தாய் குடத்தோடு ஒரு வீட்டு வளவுக் கிணற்றடியில் காத்து நிற்பாராம். வாளியைத் தொட ஏலாது. வீட்டுக்காரர் அள்ளி ஊற்றினால்தான் தண்ணீர். அந்தக் கிணற்றில் தன் கையால் அள்ளவேண்டும். வளவுக்காரர் சிவலிங்கத்தாரிடம் தொலைபேசியில் கேட்டபோது “பாப்பம்” என்றார். எங்கள் ஊரில் அதற்கு ‘இல்லை’ என்றுதான் அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். தயங்கித் தயங்கி அக்காவிடம் சொன்னேன்.

“பாப்பம் எண்டவரோ? அப்ப வாரும், போய்ப் பாப்பம்.”

கயிறு

வாசல் படலை திறந்து கிடந்தது! முற்றம் கூட்டி, கதிரைகூடப் போட்டிருந்தார் சிவலிங்கத்தார். எனக்குத் துள்ளவேண்டும்போல் இருந்தது. ஆனால் அக்கா கிணற்றை நெருங்கமுன், மனிதர் உபசாரமாக ஓடிப்போய் ஒரு வாளி அள்ளி, “கையை ஏந்துங்கோ, நான் ஊத்திறன்” என்றார். தாய்க்கு ஊற்றிய அதே மாதிரி. அக்காவின் முகம் இறுகியது. “அண்ணை, அதைக் கீழ ஊத்திப்போட்டுக் கயிறைத் தாங்கோ” என்றார்.

சிவலிங்கத்தார் வாளியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். விளங்கிவிட்டது. கொடுத்தார். அக்கா இழுக்க, கப்பி கிறீச்சிட, நாங்கள் எல்லோரும் கத்தினோம், கணக்காளர்தான் உரக்க. அக்கா முகம் கழுவினார், குடித்தார், பிறகு சிவலிங்கத்தாரைக் கையேந்தச் சொன்னார். அவர் குனிந்து ஏந்தினார். அக்கா ஊற்றினார், ஊற்றினார், விடவில்லை.

“அக்கா, போதும், என்ர வயிறு முட்டிப்போச்சு!”

கிணற்றடிக்குக் கொஞ்ச நேரம் போதும் என்று நிகழ்ச்சிநிரல் போடுகிற வழிகாட்டி, கயிறு கைக்கு வந்த ஒருவரை இன்னும் காணாதவர்.