மறுபடி அள்ளிய மண்

செல்போன் எல்லோர் கைக்கும் வந்திராத காலம். ரேணிகுண்டாவுக்கு வெளியே, மூடிப்போன ஒரு பூச்சிமருந்துத் தொழிற்சாலையின் நிலத்தைச் சுத்தம் செய்யும் இடத்தில் எனக்கு மண் பரிசோதிக்கும் வேலை.

மருந்து ஊறிய மண்ணைச் சுழலும் இரும்பு உருளைக்குள் போட்டு, வெளியிலிருந்து சூடேற்றுவார்கள். எரிப்பதில்லை. மருந்து மட்டும் ஆவியாகப் பிரியும். அதைக் குழாய் வழியே தனியாகப் பிடித்துக்கொள்வார்கள். சூடு போதாவிட்டால் மருந்து மண்ணிலேயே தங்கிவிடும். கண்ணால் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. குவியலில் நான் குத்தி வைக்கும் அட்டையை நம்பித்தான் மற்றவர்கள் மண்ணைத் தொடுவார்கள்.

ஒருநாள் மதியம் அறிக்கையை எழுதிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தவள் எழுதுவதை நிறுத்தினேன். பரிசோதனையில் தேறிய மண் சுவரோரம் இருந்தது. ‘சுத்தம்’ அட்டையோ உருளைக்குப் பக்கத்தில், தேறாத குவியலில் நின்றது. நான்தான் மாற்றிக் குத்தியிருந்தேன். காலையில் எங்கள் டிராக்டர் டிரைவர், வாசலில் மழைத் தண்ணீர் நிற்கிறதென்று என்னிடம் அனுமதி கேட்டு, அந்தக் குவியலிலிருந்துதான் ஒரு லோடு ஏற்றிப் போயிருந்தார்.

அவர் வீடு புத்தூர் சாலையில் ஒரு கிராமத்தில். ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனேன்; அது ஆள் ஏற்ற நிற்கும்போதெல்லாம் சீக்கிரம் போகச் சொல்லி ஆட்டோக்காரரிடம் தெலுங்கில் கெஞ்சினேன். இறங்கி ஓடினால், வாசல் முழுக்க மண் பரப்பியாகிவிட்டது. அவர் மனைவி குடத்தால் தண்ணீர் ஊற்ற, இரண்டு குழந்தைகள் வெறுங்காலோடு குதித்துக் குதித்து மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

“பிள்ளைங்களைத் தூக்குங்க!” என்று கத்தினேன்.

“இன்னாம்மா, இன்னா ஆச்சு?”

“இது மருந்து போகாத மண்ணுக்கா. தப்பு என்னுது.”

குடத்தைப் போட்டுவிட்டுக் குழந்தைகளை அள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடினார். சின்னவள் “நைனா, நைனா” என்று அப்பாவைக் கூப்பிட்டு அலறினாள். உள்ளேயிருந்து வந்த டிரைவர் விஷயத்தைக் கேட்டு என்னையே பார்த்தார்.

“நீங்க சொன்னீங்கன்னுதானே மேடம் ஏத்திக்கினு வந்தேன்?”

பொழுது சாயும்வரை அவரும் நானும் கையுறை மாட்டிக்கொண்டு, அடியில் இருந்த பழைய மண்ணோடு சேர்த்து எல்லாவற்றையும் சுரண்டி டிராக்டரில் ஏற்றினோம். மறுநாள் திருப்பதி ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்னதும் அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒளிச்சு வெக்காம ஓடியாந்து சொன்னியே, அது போதும்மா.”

எனக்கு உடம்பெல்லாம் கூசியது. தவறு தெரிந்ததும் நான் ஓடி வந்துவிடவில்லை. வேலை போய்விடுமே, அட்டையை மட்டும் மாற்றிக் குத்திவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கால் மணி நேரம் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரமும் குழந்தைகள் அந்த மண்ணில்தான் குதித்துக்கொண்டிருந்திருப்பார்கள். இன்றுவரை அந்த வீட்டில் என்னை நல்லவள் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் சொல்லத் துணியாததைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.