டெஸ்ட் அன்று மட்டும் கனத்த கிளட்ச்

1. புகார்

முருகேசன் இரண்டாம் முறையும் டிரைவிங் டெஸ்டில் தோற்றுவிட்டு நேராக என் ஒர்க் ஷாப்புக்கு வந்தார். இன்ஸ்பெக்டரைத் திட்டவில்லை. சொல்லிக்கொடுத்த ஆசானையும் திட்டவில்லை. கிளட்ச் பெடலைத்தான் குற்றம் சொன்னார்.

“கிளாஸ்ல பூ மாதிரி இருக்கு அண்ணே. டெஸ்டு அன்னைக்கு மட்டும் கல்லு.”

என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். ஆனாலும் எல்லோரும் அவருக்கு அண்ணன்தான்.

எழுபதுகளின் கடைசி அது. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்கு கோடவுனுக்குப் பின்னால் என் தகரக் கொட்டகை. பெடல் கனக்கிறது என்ற புகாரை அதற்குள் எத்தனையோ முறை கேட்டிருந்தேன். நாள் பார்த்துக் கனக்கும் பெடலை அன்றுதான் கேள்விப்பட்டேன். இரும்புக்கு டெஸ்ட் தேதி எப்படித் தெரியும்?

முருகேசன் நகரசபைக் குப்பை லாரியில் லோடு ஏற்றுபவர். அவர் அப்பாவும் அதே வேலை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து அதற்காகவே வந்தவர். சிறிய லாரி, கார் லைசென்ஸே போதும். அதன் டிரைவர் ஓய்வு பெற இருந்தார். மாதக் கடைசிக்குள் லைசென்ஸ் கொண்டுவந்தால் அந்த இடத்துக்கு உன் பெயரை எழுதுகிறேன், இல்லாவிட்டால் வெளியாள்தான் என்று மேலதிகாரி சொல்லியிருந்தார். இன்னும் ஒரு டெஸ்டுக்குத்தான் நாள் இருந்தது. மூன்று வாரம்.

“பத்தொம்பது வருசமா லாரிக்குப் பின்னாடி நிக்கேன் அண்ணே. ஒரு தடவை முன்னாடி ஒக்காரணும்,” என்றார். அவ்வளவுதான் கேட்டார்.

2. ஆசானின் கருத்து

அந்த வண்டி எனக்குப் புதிதல்ல. ஔசேப்பு ஆசானின் டிரைவிங் ஸ்கூல் கார் சர்வீசுக்கு என்னிடம்தான் வரும். ஸ்கூல் வண்டிகளில் இரண்டு ஜோடி பெடல் இருக்கும். வலது பக்கம் படிப்பவருக்கு, இடது பக்கம் ஆசானுக்கு. ஒரே குறுக்கு ஷாஃப்டில் இரண்டு கிளட்ச் பெடலையும் வெல்டு பண்ணியிருப்பார்கள். யார் மிதித்தாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும்.

ஆசான் பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். வாயைத் திறந்தால் மலையாளமும் தமிழும் கலந்து வரும். முருகேசனின் புகாரைச் சொன்னதும் மூக்கில் சிரித்தார்.

“பெடலுக்கு ஒரு குழப்பமும் இல்ல மேஸ்திரி. இவனுக்குப் பேடி. பயம். இன்ஸ்பெக்டரைக் கண்டா காலு விறைக்கும். எத்தன மண்டன்மாரை, மடையன்மாரை ஞான் கண்டிருக்கு.”

இருக்கலாம். பயந்த கால் கனம் என்பது எனக்கும் தெரியும். ஆனால் முருகேசன் பயந்த ஆள்போலத் தெரியவில்லை. ஓடும் லாரியின் பின்படியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டு யூதர் தெருவான ஜூ டவுன் சந்துகளில் வருகிறவர். அவர் கால் பொய் சொல்லுமா என்று யோசித்தேன். பெடலைக் கொஞ்சம் இளக்கித் தருகிறேன், வண்டியை விட்டுப் போங்கள் என்று ஆசானிடம் கேட்டேன்.

3. மூன்று வேலைகள்

முதலில் அளந்தேன். கோடவுனிலிருந்து சுக்கு மூட்டை நிறுக்கும் ஸ்பிரிங் தராசை வாங்கிவந்து, அதன் கொக்கியைப் பெடலில் மாட்டி இழுத்தேன். பதினாறு கிலோ காட்டியது. கனம்தான், ஆனால் கல் இல்லை.

பெடல் சுழலும் இடத்தில் இரும்போடு இரும்பு உரசிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி, புஷ் என்கிற பித்தளை வளையம் கடைந்து போட்டு கிரீஸ் வைத்தேன். பதின்மூன்றுக்கு இறங்கியது.

இரண்டாவதாக, லிவரில் கம்பி மாட்டும் துளையை அரை அங்குலம் தள்ளிப் போட்டேன். பெடல் வெண்ணெய் ஆனது. ஆனால் முழுக்க மிதித்தாலும் கிளட்ச் முழுக்கப் பிரியவில்லை. கியர் போடும்போது பல் கடித்தது. பெடலில் சுமையைக் குறைத்தால், அதற்கு ஈடாக அதிக தூரம் மிதிக்க வேண்டிவரும். காலுக்குச் சுகம் கொடுத்துவிட்டுக் கியர் பாக்ஸைக் கொல்ல முடியாது. பழைய துளைக்கே திரும்பினேன்.

மூன்றாவது வேலை ஒரு உதவி ஸ்பிரிங். பெடல் பாதி தூரம் இறங்கியதும் அது கூடச் சேர்ந்து தள்ளும்படி மாட்டினேன். பத்து கிலோ. கனம் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்ற அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் அதை மாட்டிய பிறகு, கிளட்ச் எங்கே கவ்வுகிறது என்று என் காலுக்கே தெரியவில்லை. மௌனமான பெடல். நீங்கள் பேசப் பேச முகத்தில் ஒன்றும் காட்டாமல் இருக்கும் ஆள் மாதிரி. லேசு வேறு, உணர்ச்சி வேறு என்று அன்று என் உள்ளங்காலில் படித்தேன். ஸ்பிரிங்கையும் கழற்றினேன். கடைசியில் நின்றது புஷ் மட்டும்.

அதற்குள் ஒரு வாரம் போய்விட்டது.

4. கொட்டகைக்குள்

முருகேசனைக் கூப்பிட்டு டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னேன். அவர் வழக்கம்போல் செருப்பை வெளியே விட்டு ஏறினார். வெறுங்காலால் மெதுவாக மிதித்தார், மெதுவாக விட்டார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை.

“மோசமில்ல அண்ணே. ஆனா இது டெஸ்டு அன்னைக்கு இருக்கற கிளட்சுதான். கொஞ்சம் குறைஞ்சிருக்கு. ஆசான்கூட ஓட்டறப்ப இருக்கற கிளட்சு இது இல்ல.”

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். பிறகு அவருக்கு இடது பக்கம் காலியாக இருந்த சீட்டைப் பார்த்தேன். பிறகு அதன் கீழே, யாரும் தொடாமல், அவர் பெடலோடு சேர்ந்து இறங்கி ஏறிக்கொண்டிருந்த இரண்டாவது பெடலை.

நான் சுற்றிப் போய் இடது சீட்டில் உட்கார்ந்தேன். என் இடது காலை அந்தப் பெடலின் மேல் சும்மா வைத்தேன். மிதிக்கவில்லை, காலின் பாரம் மட்டும்.

“இப்ப பாருங்க.”

முருகேசன் மிதித்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

“இதுதான் அண்ணே. இதுதான்.”

டெஸ்ட் அன்று அந்தச் சீட்டில் உட்காருவது ஆசான் இல்லை, இன்ஸ்பெக்டர்.

5. சிவந்த உள்ளங்கால்

தன் கால் எந்நேரமும் பெடலில் இருக்கிறது என்பதை ஆசான் ஒப்புக்கொள்ளவில்லை. வேண்டுமென்று பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது. “ஆவசியம் வந்தாதான் காலு வைக்கும். இல்லாத்தப்போ கீழே,” என்று அடித்துச் சொன்னார்.

எங்கள் தொழிலில் இரண்டு இரும்பு எங்கே ஒட்டுகிறது என்று பார்க்க ரெட் லெட் பூசுவோம். செந்தூரம் போன்ற சிவப்புப் பசை. உரசும் இடத்தில் அது அப்பிக்கொண்டு காட்டிக்கொடுக்கும். மறுநாள் காலை ஆசானின் பெடலில் மெல்லிதாகப் பூசிவைத்தேன். ஆசானும் வெறுங்காலோடுதான் வண்டியில் ஏறுவார். முருகேசன் ஆசானோடு தோப்பும்படி வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். ஒருமுறைகூட என்ஜின் நிற்கவில்லை.

“கண்டோ? இன்னைக்கு ஞான் தொட்டதே இல்ல,” என்று சொல்லிக்கொண்டே ஆசான் இறங்கினார்.

சிமெண்டுத் தரையில் அவருடைய இடது கால் பதிந்த இடமெல்லாம் சிவப்பு. ஒன்று, இரண்டு, மூன்று. ஆசான் நின்றார். காலைத் திருப்பிப் பார்த்தார். விரல்களின் அடியிலிருந்து பாதி உள்ளங்கால் வரை ஓர் இடம் பாக்கியில்லை. பெடலில் நான் பூசியது சுத்தமாகத் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது.

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆசானே காரணம் சொன்னார். முன்பு ஒரு மாணவன் கிளட்சை வெடுக்கென்று விட்டதில் வண்டி குதித்துப்போய் ஒரு தள்ளுவண்டிக்காரரை இடித்துவிட்டதாம். அந்த மனிதருக்கு இடுப்பு போயிற்று. அதற்குப் பிறகு தன் கால் தானாகவே அங்கே போய் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றார்.

6. இரண்டு விரற்கடை

வேலை இப்போதுதான் தெரிந்தது. ஆசானின் பெடலைக் குறுக்கு ஷாஃப்டிலிருந்து அறுத்தெடுத்தேன். அதற்குத் தனி புஷ் போட்டு, ஷாஃப்டில் ஒரு இரும்பு விரலை வெல்டு பண்ணினேன். ஆசானின் பெடல் இரண்டு விரற்கடை தூரம் வெறுமனே இறங்கிய பிறகுதான் அந்த விரலைப் போய்த் தொடும். அந்த இரண்டு விரற்கடையை ஒரு முரட்டு ஸ்பிரிங் காக்கும். கால் சும்மா படுத்திருந்தால் அது தாங்கிக்கொள்ளும். ஆபத்து வந்து ஓங்கி மிதித்தால் வழிவிடும். பிரேக்கை நான் தொடவில்லை.

இனி முருகேசனின் பெடல் முருகேசனுடையது மட்டும்.

அதனால் என்ன நடந்தது? முதல் நாள் ஏழு முறை என்ஜின் நின்றது. மூன்று மாதம் இரண்டு பேர் கால்களால் ஓட்டியவர் இப்போது ஒற்றைக் காலோடு முதலிலிருந்து தொடங்கினார். டெஸ்டுக்குப் பதினோரு நாள். நான் காரியத்தைக் கெடுத்துவிட்டேனோ என்று பயந்தேன்.

ஆசானுக்கும் அது சுலபமாக இல்லை. கால் போய்ப் போய் அந்த முரட்டு ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தது. நாலாம் நாள் பார்த்தால் மனிதர் இடது காலை மடித்துத் தொடைக்குக் கீழே செருகிக்கொண்டு, வலது காலைப் பிரேக்குக்கு மட்டும் நீட்டி, அரைச் சம்மணத்தில் உட்கார்ந்து வருகிறார். பஜாரில் டிரைவர்கள் கேலி செய்தார்கள். சாப்பாட்டுப் பந்திக்கா போகிறீர்கள் என்று ஒருவர் கேட்டாராம். ஆசான் அசையவில்லை.

7. பாலத்து ஏற்றம்

டெஸ்ட் வெலிங்டன் தீவுக்குப் போகும் பாலத்தின் ஏற்றத்தில். பாதி ஏற்றத்தில் நிறுத்தி, ஒரு முழத்துக்கு மேல் பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். முன்பு இரண்டு முறையும் முருகேசன் விழுந்த இடம் அதுதான். இன்ஸ்பெக்டர் இடது சீட்டில், ஷூ போட்ட கால்களைப் பின்னுக்கு இழுத்து உட்கார்ந்திருந்தார். ஆசானும் நானும் ஏற்றத்தின் அடியில் நின்றோம்.

கார் நின்றது. பின்னால் ஒரு பஸ் வந்து ஒட்டி நின்று ஹாரன் அடித்தது. கார் ஒரு சாண் பின்னால் உருண்டது. ஆசான் என் தோளைப் பிடித்தார். அவர் இடது கால் தார் ரோட்டை அமுக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அப்போது என்ஜினின் குரல் சற்றே தாழ்ந்தது. கிளட்ச் கவ்வும்போது வரும் குரல் அது. பாரத்தைத் தோளில் வாங்குகிறவர் மூச்சை இறக்குவது மாதிரி. கார் நின்ற இடத்தில் நின்று நடுங்கியது. பிறகு ஏறிப் போயிற்று.

மாதக் கடைசியில் முருகேசனின் பெயர் எழுதப்பட்டது. லாரியின் முன்சீட்டில் அவர் உட்கார்ந்து போவதைக் கோடவுன் வாசலில் நின்று நான் பார்த்தேன். என்னைப் பார்த்து ஹாரன் அடிக்கவில்லை. கவனம் முழுக்கக் காலில் இருந்தது.

8. ஆசான் கேட்டது

ஒரு வாரம் கழித்து ஆசான் கொட்டகைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். சாயா வாங்கிக் கொடுத்தேன், குடிக்கவில்லை.

“எட்டு வருஷம் இந்த வண்டியில படிப்பிச்சு மேஸ்திரி. என்ட காலு காரணம் எத்தன பேர் தோத்துக் காணும்? எல்லாரையும் மண்டன்னு சொல்லி அனுப்பியாச்சு.”

எனக்கும் அதில் பங்கு இருந்தது. அந்த வண்டியில் கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங் மற்ற வண்டிகளைவிட இரு மடங்கு வேகமாகத் தேய்ந்துகொண்டிருந்தது. எந்நேரமும் யாரோ பெடலில் கால் வைத்திருக்கிறார்கள் என்பதற்கு அதைவிட வேறு அடையாளம் வேண்டாம். கற்றுக்குட்டிகள் தேய்க்கிறார்கள் என்று முடிவு கட்டி, ஒவ்வொரு முறையும் புதியது மாட்டிப் பழையதைக் குப்பையில் எறிந்திருக்கிறேன். பார்க்கவில்லை. அதை ஆசானிடமும் சொன்னேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது அதுதான். ஒருவர் வந்து நம்ப முடியாத புகாரைச் சொன்னால், அவர் மனசைப் பழுதுபார்க்கக் கிளம்பாதீர்கள். அவர் காலுக்குத் தெரிந்தது உங்களுக்கு இன்னும் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆசான் அதன் பிறகு பழைய மாணவர்களை மறுபடி சொல்லிக்கொடுக்கத் தேடிப் போனார். சிலர் வரவில்லை. ஒருவர் இந்த ஜன்மத்துக்கு வண்டி வேண்டாம் என்று கதவைச் சாத்தினார். நாலு முறை தோற்ற ஒரு பேக்கரிக்காரர் மட்டும் கையில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டு வந்தார். சாவி போடும் முன் இடது பக்கம் திரும்பி, மடித்து வைத்திருந்த காலைப் பார்த்து, “ஆசானே, காலுக்குச் சுகமில்லையா?” என்றாராம்.

“இப்பதான் சுகமாச்சு,” என்றாராம் ஆசான். “நீ வண்டி எடு.”