சாம்பல் நிற முகிலும் என் முத்திரையும்

நான் பௌதிகவியல் பட்டதாரி. வட்டுக்கோட்டையில் விடுதி மாணவனாக இருந்து கற்று, உயர்தர வகுப்புகளுக்கு அதே பாடத்தைக் கற்பித்து, உப அதிபராக ஓய்வுபெற்றவன். அதன்பின் சமாதான நீதவானாக நியமனம் பெற்றேன். ஊரவர் பிறப்புச் சான்றிதழோ காணி உறுதியோ கொண்டுவந்தால், மூலத்தையும் பிரதியையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிட்டு, ‘உண்மைப் பிரதி’ என்று எழுதி முத்திரையிடுவேன். சாவகச்சேரி நீதிமன்றம் முதல் கொழும்புக் கந்தோர்கள் வரை, என் முத்திரை பட்ட தாளை எவரும் திருப்பி அனுப்பியதில்லை. எங்கள் வாசிகசாலைக்கு வானம் பார்க்கும் தொலைகாட்டி வந்து சேரும்வரை என் கண்களை எவரும் சந்தேகித்ததுமில்லை.

அதைக் கனடாவில் குடியேறிய ஊரவர் ஒருவர் அன்பளிப்புச் செய்தார். தை மாதம் அவர் வந்திருந்தபோது விழா வைத்தார்கள். வாசலில் பெரிய பதாகை. வானத்து வெள்ளியான திருவாதிரைக்குத் தெற்கே உள்ள விண்முகில் அதில் செம்பரத்தம்பூ நிறத்தில் தகதகத்தது. இணையத்திலிருந்து எடுத்த படம். அந்த முகிலைக் காட்டத்தான் விழாவே. இருட்டியதும், வாசிகசாலையின் போஷகர் என்ற முறையில் முதலில் என்னைப் பார்க்கச் சொன்னார்கள்.

பார்த்தேன். நடுவில் நெருங்கி நிற்கும் நான்கு சிறு வெள்ளிகள். அவற்றைச் சுற்றி, கண்ணாடியில் ஊதிய மூச்சுப்போல மெல்லியதொரு படலம். அழகாகவே இருந்தது.

“தெளிவாய்த் தெரியுது. சாம்பல் நிறம்,” என்றேன்.

அன்பளிப்பாளரின் முகம் சுருங்கியது. “என்ன சேர், பதாகையிலை சிவப்பாயெல்லோ கிடக்கு?”

வாசிகசாலைத் தலைவர் பதறிப்போனார். “சேர், வடிவாய்ப் பாருங்கோ.”

“வடிவாய்த்தான் பாத்தனான்.”

அவர் என்னை விலக்கிவிட்டுக் குனிந்தார். “ஐயோ, என்ன சிவப்பு! அண்ணை, நீங்கள் தந்த சாமான் எண்டால் சும்மாவே!”

அதன்பின் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் சிவப்புத் தெரிந்தது. ஒருவர் கண்ணை வைக்குமுன்பே “ஓம், சிவப்புத்தான்” என்றார். பின்னாலிருந்து ஒரு குரல்: “சேருக்குக் கண்ணிலை பூ விழுந்திட்டுது போலை.” இன்னொன்று: “பென்சன்காரருக்கு எல்லாம் சாம்பலாய்த்தான் தெரியும்.” சிரித்தார்கள்.

நான் விளக்கினேன். அந்த வெள்ளிகளின் கடுஞ்சூட்டுக் கதிர் பட்டு ஐதரசன் வாயு ஒளிர்கிறது. அந்த ஒளியில் சிவப்பு உண்டு. கமரா நெடுநேரம் திறந்திருந்து அதைச் சேர்த்தெடுக்கும். இவ்வளவு மங்கலில் மனிதக் கண் சிவப்பைப் பிடிக்காது. சிற்றுண்டியாக றோல்ஸ் தட்டு வந்ததும் கேட்க ஆளில்லை. என்னிடம் ஒளியியல் படித்தவர்கள் சிலரும் அங்கே நின்றார்கள். அவர்களும் தட்டுப் பக்கம் போய்விட்டார்கள். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அடுத்த வாரங்களில் என் படலையைத் தட்டுவார் இல்லை. பக்கத்து வீட்டுப் பெண்மணி கையில் தாள்களோடு மருதனார்மடம் பக்கம் புறப்படுவதைக் கண்டு, எங்கே என்று கேட்டேன்.

“அங்கை ஒரு சமாதான நீதவான் இருக்கிறாராம், சேர். உங்களுக்கேன் கரைச்சல்? கண்ணும் ஏலாதாமெல்லோ.”

காணி உறுதியில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடிக்கிற எனக்கு! பத்திரிகையின் மரண அறிவித்தல்களை இன்றுவரை எழுத்துப் பிசகாமல் வாசிக்கிற எனக்கு!

அதன்பிறகுதான் தலைவர் வந்தார். பதாகையில் இருந்த அதே படத்தைச் சிறிதாக அச்சடித்து, ‘எமது தொலைகாட்டியூடாகக் கண்ட காட்சி’ என்று கீழே எழுதியிருந்தார். கனடாவில் மாட்டுவார்களாம். என் கையொப்பமும் முத்திரையும் வேண்டுமாம்.

“கண் தெரியாதவன்ரை முத்திரை உங்களுக்கேன்?”

“உதென்ன சேர், முத்திரை குத்தக் கண் எதுக்கு?” என்று பல்லைக் காட்டினார்.

என் வாழ்நாளில் என்னிடம் எவரும் அப்படிக் கதைத்ததில்லை. “மூலத்தை நான் பாத்தனான். உது அதின்ரை பிரதியில்லை. வெளியிலை போம்!” என்றேன். படலையைச் சாத்தினேன். போஷகர் பதவியையும் அன்றே துறந்தேன்.

பார்வை போனபடியால் என்னை விலக்கியதாக இப்போது கதைத்துத் திரிகிறார்கள். என்னை எவரும் விலக்கவில்லை, நானே விலகினேன். என் கண்ணில் பூ விழவில்லை. அன்று அந்தத் தொலைகாட்டியில் தெரிந்த முகில் சாம்பல் நிறம்.